சிமெண்ட் மூட்டையை வைத்து நாட்டின் பொருளாதாரத்தைப் படிப்பது எப்படி

திருச்சியில் கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போடுவது என் தொழில். வீடு கட்ட வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் மேடம்?" அடுத்துக் கேட்பது, "இப்போதே தொடங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?" முதல் கேள்விக்கு வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு வரைபடம் போதாது. வட்டி எந்தப் பக்கம் போகிறது, மத்திய அரசு சாலைக்கும் ரயிலுக்கும் எவ்வளவு பணம் இறக்குகிறது, பீகாரில் தேர்தல் எப்போது, ஆஸ்திரேலிய நிலக்கரி என்ன விலை என்றெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது கேள்வியை நேராக ஜோசியரிடம் கொண்டுபோகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நல்ல நாளை அவர் சொல்லட்டும்; நல்ல ஆண்டு எது என்பதை நீங்களே பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். சொந்த வீடு கட்டுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், பொருளாதாரத்தைப் பாடமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும். நாட்டின் நாடியைப் பிடித்துப் பார்க்கக் கட்டுமானத்தைவிட வசதியான மணிக்கட்டு வேறில்லை.

இந்தத் தொழிலின் நீளம்

இந்தியாவின் மொத்த மதிப்புக் கூட்டலில் கட்டுமானத் துறையின் பங்கு 8 முதல் 9 சதவீதம். வேளாண்மைக்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் துறைகளில் இதுவும் ஒன்று. உழைக்கும் 100 பேரை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 12 பேர் ஏதோ ஒரு கட்டடத்திலோ சாலையிலோ பாலத்திலோ நிற்கிறார்கள். இவ்வளவையும் பாடப்புத்தகமே சொல்லிவிடும். ஒரு வீட்டுக்குப் பின்னால் எத்தனை தொழில்கள் வரிசையாக நிற்கின்றன என்பது தளத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

1,000 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை சிமெண்டும் 4 டன் கம்பியும் போகும். அந்த 400 மூட்டைக்காக அரியலூர்ப் பக்கம் யாரோ சுண்ணாம்புக்கல் வெட்டியிருக்கிறார். அதைச் சுட நிலக்கரி ரயிலில் வந்திருக்கிறது. ஆலையிலிருந்து லாரி கிளம்பியிருக்கிறது, அதற்கு டீசல், டயர், ஓட்டுநரின் படி. கம்பிக்கு இரும்புத்தாதும், அதை உருக்க வேண்டிய கோக் நிலக்கரியும். பூச்சுவேலை முடிந்ததும் வயர், குழாய், டைல்ஸ், பெயின்ட், கதவு. குடிபுகுந்த பிறகு கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ். ஒரு வீடு பாதியில் நின்றால் இத்தனை பேர் கைக்கும் காசு வருவது நிற்கிறது. பொருளாதாரம் மந்தமானால் எந்தக் கட்சி அரசாக இருந்தாலும் முதலில் சாலை போட ஓடுவதற்கும், வீட்டுக் கடனை மலிவாக்க விரும்புவதற்கும் காரணம் இதுதான்.

இதையே அளவு மீறிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவைப் பாருங்கள். அங்கே பல ஆண்டுகள் கடன் வாங்கிக் கட்டியே வளர்ந்தார்கள். 2020ல் அரசு கட்டுமான நிறுவனங்களின் கடனுக்கு வரம்பு போட்டது. அடுத்த ஆண்டே எவர்கிராண்டே என்ற பெரிய கட்டுமான நிறுவனம் தவணை கட்ட முடியாமல் தடுமாறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. முன்பணம் கட்டியவர்கள் முடியாத மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆகவே "கட்டுமானம் வளர்கிறது" என்ற செய்தியைப் படித்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். குடியிருக்கக் கட்டுகிறார்களா, விலை ஏறும் என்று கட்டுகிறார்களா என்று கேளுங்கள். தெருவில் இரவு எட்டு மணிக்கு விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணினால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

எண்ணைப் படிக்கும் முறை

தேசியப் புள்ளியியல் அலுவலகம் காலாண்டு வளர்ச்சியை வெளியிடும்போது கட்டுமானத்துக்கு ஒரு தனி வரி இருக்கும். அந்த எண்ணைப் போட யாரும் நம் தெருவுக்கு வந்து வீடுகளை எண்ணுவதில்லை. சிமெண்ட் உற்பத்தி எவ்வளவு, உருக்கு நுகர்வு எவ்வளவு என்ற இரண்டையும் முக்கிய அடையாளமாக வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். அந்த இரண்டின் போக்கையும் நீங்கள் அவர்களுக்கு முன்பே பார்த்துவிடலாம். மத்தியத் தொழில், வணிக அமைச்சகம் எட்டு முக்கியத் தொழில்களின் குறியீட்டை மாதந்தோறும் வெளியிடுகிறது: நிலக்கரி, கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, சுத்திகரிப்புப் பொருட்கள், உரம், உருக்கு, சிமெண்ட், மின்சாரம். மற்ற ஆறையும் விட்டுவிடுங்கள். உருக்கு, சிமெண்ட் இரண்டு வரிகளை மட்டும் ஒரு நோட்டில் மாதாமாதம் எழுதி வையுங்கள்.

எழுதும்போது ஒரு பொறியைத் தாண்ட வேண்டும். செய்தித்தாளில் வரும் சதவீதம் எல்லாம் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டது. போன ஆண்டு படுத்திருந்தால் இந்த ஆண்டு எழுந்து உட்கார்ந்தாலே பெரும் வளர்ச்சியாகத் தெரியும். இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது: 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. ஏப்ரலில் நாட்டின் சிமெண்ட் உற்பத்தி பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் விழுந்தது. அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தி 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு சொன்னது. கட்டுமானம் மட்டும் 50.3 சதவீதம். அடுத்த ஆண்டு அதே காலாண்டில் கட்டுமானம் 68.3 சதவீதம் வளர்ந்தது என்று தலைப்புச் செய்தி வந்தது. என்னிடம் வந்த ஒருவர் அந்தச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். "எல்லாரும் கட்டுகிறார்கள் மேடம், நாம்தான் பின்தங்கிவிட்டோம்" என்றார்.

தாளில் போட்டுக் காட்டினேன். 2019ல் 100 என்று வையுங்கள். 50.3 போனால் மிச்சம் 49.7. அதன் மேல் 68.3 சதவீதம் ஏற்றினால் 83.6. அவ்வளவு பெரிய வளர்ச்சிக்குப் பிறகும் இரண்டு ஆண்டுக்கு முன்பிருந்த உயரத்தில் ஆறில் ஒரு பங்கு குறைவு. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தால் போதும். தொலைக்காட்சி விவாதங்களில் பாதியை அணைத்துவிடலாம்.

இன்னொன்று, பருவம். தென்மேற்குப் பருவமழை நாட்டின் பெரும்பகுதியில் பெய்யும் ஜூலை–செப்டம்பரில் அகில இந்திய சிமெண்ட் விற்பனை தளரும். நமக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். ஆகவே ஆகஸ்டில் "சிமெண்ட் தேவை குறைந்தது" என்று செய்தி வந்தால் அது தமிழ்நாட்டு நிலவரம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் செங்கல் சூளைகள் மழையில் ஓய்ந்து, இருப்புக் குறைந்து, மார்கழி வாக்கில் செங்கல் விலை ஏறி நிற்கும். தை பிறந்ததும் எல்லாரும் ஒரே வாரத்தில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால் கல்லும் கிடைக்காது, கொத்தனாரும் கிடைக்கமாட்டார். ஆடியில் தொடங்கச் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், தெரியும். ஆவணியில் அஸ்திவாரத்தை முடித்துப் பேஸ்மட்டம் வரை ஏற்றிவிட்டால் மழையில் நிரப்பிய மண் நன்றாக அமுங்கும். தையில் சுவர் எழுப்பலாம். செங்கல்லை மட்டும் மழைக்கு முன்பே வாங்கி அடுக்கி, தார்ப்பாய் போட்டுவிட வேண்டும்.

எந்த விலை உண்மையில் வலிக்கும்

சிமெண்ட் விலையைப் பற்றித்தான் எல்லாரும் புலம்புகிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியோடு 350 ரூபாய்க்கு விற்ற மூட்டை, ஆலை விலை மாறாமல் இருந்தால் ஏறக்குறைய 323 ரூபாய்க்கு வந்திருக்க வேண்டும். மூட்டைக்கு 27 ரூபாய். 400 மூட்டைக்கு 10,800 ரூபாய். நல்லதுதான், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குறைப்பு முழுவதும் உங்கள் கைக்கு வந்து சேரும் என்ற உறுதி இல்லை. சிமெண்ட் விலை தேவையை மட்டும் பார்த்து ஏறி இறங்குவதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2012லேயே சிமெண்ட் நிறுவனங்கள் கூடிப்பேசி விலை வைத்ததாகச் சொல்லி 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டுகொண்டே போனது. ஆகவே மூட்டை விலையை மூன்று கடைகளில் எழுத்தில் வாங்குங்கள். வரியைத் தனியாகக் காட்டிய பில்லாக இருக்கட்டும்.

கம்பி வேறு வகை. கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் உங்கள் 4 டன்னில் 40,000 ரூபாய் போய்விடும். சிமெண்டில் கிடைத்த சலுகையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. உருக்கு உற்பத்தியில் உலகில் நாம் இரண்டாம் இடம். ஆனாலும் அதற்கு வேண்டிய கோக் நிலக்கரியில் பெரும்பகுதி இறக்குமதிதான், அதிலும் முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் நிலக்கரி விலை எகிறி, சில வாரங்களில் நம் ஊர்க் கடையில் கம்பி கிலோ 70 ரூபாயைத் தாண்டியது. மே மாதம் மத்திய அரசு பல வகை உருக்குப் பொருட்களுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. வெளியே போக வேண்டிய உருக்கு உள்ளே தங்கியதும் விலை இறங்கியது. நவம்பரில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அந்த ஏப்ரலில் பயந்து மொத்தக் கம்பியையும் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. அஸ்திவாரத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு தளத்துக்கு ஜூலை வரை பொறுத்தவர்களும் உண்டு. பின்னவர்களுக்கு இருந்தது ஜோசியம் அல்ல. ஏற்றுமதி வரி பற்றிய அறிவிப்பை நாளிதழின் வணிகப் பக்கத்தில் படித்திருந்தார்கள். கம்பி வாங்கும் மாதத்தில் தங்கம் விலையைப் பார்ப்பதைப் போலவே அந்தப் பக்கத்தையும் பாருங்கள்.

எடை விஷயத்திலும் ஒரு வார்த்தை. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. லாரியிலிருந்து இறங்கும் கட்டில் இதைவிட நிறையக் குறைந்தால் கேள்வி கேளுங்கள். இதற்கும் நாட்டின் பொருளாதாரத்துக்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் பொருளாதாரத்துக்கு உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை வட்டி. அதை யாரும் சதுர அடிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 30 லட்சம் கடன், 20 ஆண்டு. வட்டி 6.75 சதவீதமானால் மாதத் தவணை சுமார் 22,811 ரூபாய். 9.25 சதவீதமானால் 27,476. மாதம் 4,665 வித்தியாசம். 20 ஆண்டுக்குப் பெருக்கினால் 11 லட்சத்தைத் தாண்டுகிறது. இது கற்பனைத் தாவல் அல்ல. ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. அதே 2.5 புள்ளி. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருப்பதால் அந்த ஏற்றம் நேராக வீட்டுக்குள் வந்தது. இன்னும் ஒரு கணக்கு: 30 லட்சத்துக்கு 9.25 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 23,125 ரூபாய். பழைய தவணையான 22,811 அந்த வட்டிக்கே போதாது. கடன் வாங்கிய புதிதில் இருந்தவர்களுக்கு "தவணை மாறாது, காலம் மட்டும் நீளும்" என்று வங்கியில் சொன்ன ஆறுதல் அங்கே உடைந்தது. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. கேட்காவிட்டால் நீங்கள் போய்க் கேளுங்கள்.

2025 பிப்ரவரியிலிருந்து வட்டி இறங்கத் தொடங்கி, ஜூனில் ரெப்போ 5.5க்கு வந்தது. வட்டி இறங்கும்போது எல்லாரும் கடன் வாங்குவார்கள். பிறகு நிலமும் கூலியும் ஏறும். ஆகவே வட்டி இறங்கத் தொடங்கிய முதல் ஆண்டில் கட்டத் தொடங்குகிறவருக்கு இரண்டு பக்கமும் லாபம். "இன்னும் இறங்கும்" என்று காத்திருப்பவர் வட்டியில் மிச்சம் பிடித்ததைக் கொத்தனாரிடம் கொடுப்பார். கடன் வாங்கும்போது இன்றைய வட்டிக்குத் தவணையைப் பார்க்காமல், அதைவிட 2.5 புள்ளி கூட்டிப் பாருங்கள். அந்தத் தவணையையும் சம்பளம் தாங்கினால் கையெழுத்துப் போடலாம்.

அரசாங்கப் பணம் எங்கே இறங்குகிறது

2023-24 மத்திய பட்ஜெட்டில் மூலதனச் செலவு, அதாவது சாலை, ரயில் போல நிலைத்து நிற்கும் சொத்துகளுக்கான செலவு, 10 லட்சம் கோடி. அடுத்த ஆண்டு 11.11 லட்சம் கோடி, 2025-26ல் 11.21 லட்சம் கோடி. அந்த மூன்று ஆண்டில் மேலே போகும் வேகம் தளர்ந்ததைக் கவனியுங்கள். மாநிலங்களுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடனாக 1.5 லட்சம் கோடி ஒதுக்கியதும் இதில் அடக்கம். ஆனால் பட்ஜெட்டில் சொல்வது ஒன்று, செலவாவது ஒன்று. தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் மாதந்தோறும் உண்மைச் செலவை வெளியிடுகிறது. 2024 ஏப்ரல்–ஜூனில் மூலதனச் செலவு 1.81 லட்சம் கோடிதான். அதற்கு முந்தைய ஆண்டு அதே காலத்தில் 2.78 லட்சம் கோடி. காரணம், நாடாளுமன்றத் தேர்தல். நடத்தை விதி அமலில் இருக்கும்போது புதிய வேலைக்கு உத்தரவு போட முடியாது. அந்த மாதங்களில் பெரிய ஒப்பந்ததாரர்களிடம் வேலை குறைந்து, ஆளும் இயந்திரமும் ஓரளவு ஓய்வாக இருக்கும். சொந்த வீடு கட்டுகிறவருக்கு அது நல்ல நேரம். இதற்கு நேர் எதிர் மார்ச்: ஆண்டு முடிவதற்குள் நிதியைச் செலவழிக்க எல்லாத் துறைகளும் ஓடும் மாதம். அந்த மாதத்தில் தளம் போடத் தேதி குறிக்காதீர்கள்.

மாநிலத்திலும் இதே கதை. சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அங்கே கம்பி கட்டத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் கூலியோடு திருச்சியில் ஒரு தனி வீட்டுக்காரர் போட்டிபோட வேண்டும். கிராமங்களில் கலைஞர் கனவு இல்லம் திட்டம்: 2030க்குள் 8 லட்சம் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3.5 லட்சம் ரூபாய். ஏழைக்கு வீடு கிடைப்பது நல்லது. கூடவே ஊர்க் கொத்தனாருக்கு ஊரிலேயே வேலை கிடைக்கிறது, நகரத்துக்கு வர அவருக்கு அவசரம் இல்லை. அதுவும் நல்லதுதான், என் எஸ்டிமேட்டில் கூலி வரி மட்டும் உயரும்.

அனுமதி விஷயத்தில் ஒரு வசதி வந்திருக்கிறது. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். முன்பு அனுமதிக்கு அலைந்த காலத்தில் கம்பி விலை ஏறியதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆட்கள்

எல்லாக் கணக்கையும் புரட்டிப்போடுவது கூலிதான். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டில் 2022-23ஆம் ஆண்டுக்கான கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி இருக்கிறது. கேரளத்தில் சுமார் 852 ரூபாய். தமிழ்நாட்டில் 500. மத்தியப் பிரதேசத்தில் 278. நாட்டின் சராசரி 393. இந்த நான்கு எண்களைப் பார்த்தாலே ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டி ஏன் நிரம்பி வருகிறது என்று புரிந்துவிடும். பாட்னாவில் ஏறுகிறவர் ஒரு நாளில் சம்பாதிப்பதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு இங்கே கிடைக்கிறது. அதே காரணத்தால் நம் ஊர்க் கொத்தனார் பாலக்காட்டுக்குப் போகிறார்.

ஆகவே உங்கள் வேலைத் திட்டத்தில் பொங்கலும் தீபாவளியும் மட்டும் இருந்தால் போதாது. ஹோலி, பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சத் பூஜை, பீகார், வங்காளத் தேர்தல் தேதிகள், இவை மூன்றையும் நாட்காட்டியில் சிவப்பு மையில் குறியுங்கள். ஹோலிக்கு ஊருக்குப் போன சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும்) ஆட்கள் திரும்பி வர மூன்று வாரம் ஆகலாம். ரூஃப் தளத்துக்குப் பலகை அடித்துவிட்டு அந்த மூன்று வாரமும் வாடகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண் செலவு. மேஸ்திரியிடம் "எப்போது முடியும்?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் கேட்பது அது; "உங்கள் ஆட்கள் எப்போது ஊருக்குப் போகிறார்கள்?" என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா? தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994லிருந்தே இருக்கிறது. 1996ல்தான் மத்தியச் சட்டம் வந்தது. கட்டடச் செலவில் 1 சதவீதம் நல நிதிக்கு வசூலிக்கிறார்கள். அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு, சாரத்தில் நிற்பவரிடம் அட்டை இல்லை என்றால் விழும்போது அவர் குடும்பத்துக்கு அதனால் பயன் இல்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி இடிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள். துறை வளர்ந்த சதவீதத்தைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வரப்போவதில் எதை நம்பலாம்

"முப்பரிமாண அச்சில் வீடு வந்துவிட்டதாமே, கொஞ்சம் பொறுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். வந்தது உண்மை. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021 ஏப்ரலில் 600 சதுர அடியில் அப்படி ஒரு வீட்டைத் திறந்தார்கள். பெங்களூரு ஹலசூருவில் 1,021 சதுர அடி அஞ்சலகம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கட்ட ஒன்றரை மாதம்தான் ஆனது. ஆனால் அந்த இயந்திரம் உங்கள் 20 அடித் தெருவுக்குள் திரும்பாது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தொழிற்சாலையில் வார்த்துத் தளத்தில் பூட்டும் முறை வேறு. சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை அந்த முறையில் கட்டி 2022 மே மாதம் திறந்தார்கள். ஒரே மாதிரி ஆயிரம் வீடு வேண்டும் என்றால் அது லாபம். ஒரு வீட்டுக்கு அச்சுச் செலவே கட்டாது. அதன் சின்னச் சின்னத் துண்டுகள்தான் உங்கள் வீட்டுக்குள் வரும்: வார்த்த லிண்டல், வார்த்த சன்ஷேடு, வார்த்த சுற்றுச்சுவர். கூலி ஏற ஏற இவை வந்தே தீரும். ஏ.ஏ.சி. என்ற எடை குறைந்த கான்கிரீட் கல், கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட், டைல்ஸுக்குப் பசை எல்லாம் நம் ஊருக்கு வந்ததற்கும் ஆள் பற்றாக்குறையே பெரிய காரணம். கூலி ஏற்றத்தில் கேரளம் முன்னே போகிறது. அங்கே இன்று நடப்பதைப் பார்த்தால் நமக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொள்ளலாம்.

நான் உன்னிப்பாகப் பார்ப்பது சிமெண்டுக்குள்ளேயே நடக்கும் மாற்றம். உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் என்ற கட்டியாக ஆக்கும்போது வெளியாவது. எல்.சி.3 என்ற புதிய வகையில் கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்க்கிறார்கள். வெளியேற்றம் 40 சதவீதம் வரை குறையும். சென்னை ஐ.ஐ.டி.யும் இதில் உழைத்திருக்கிறது. 2023ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18189 என்ற தரத்தையும் கொடுத்துவிட்டது. தரம் வந்துவிட்டதால் பொறியாளர் தைரியமாக எழுதலாம். கடைக்கு வரும்போது பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மூட்டையில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டுக்கும் இதே பழக்கம் வேண்டும்: ஐ.எஸ். 383 தரச் சோதனை அறிக்கை கேளுங்கள். அறிக்கை இல்லாமல் வருவது பல இடங்களில் வெறும் கிரஷர் தூசி.

வெயிலும் கணக்கில் வந்துவிட்டது. 2024ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சித்திரையில் நண்பகலில் ஆட்களை மேலே நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. எஸ்டிமேட்டில் ஏப்ரல், மே மாதங்களுக்கு வேலை நேரத்தைக் குறைத்தே போடுகிறேன்.

கையெழுத்துக்கு முன்

பார்த்ததையெல்லாம் ஒப்பந்தத்தில் இறக்காவிட்டால் பயனில்லை. சதுர அடிக்கு ஒரே தொகை என்று வாயால் பேசி முடிக்காதீர்கள். சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், செங்கல் நான்கின் அன்றைய விலையைத் தேதியோடு எழுதுங்கள். மணல் என்றால் யூனிட் 100 கன அடி என்பதையும் சேர்த்து. அந்த விலை 5 சதவீதத்துக்கு மேல் ஏறினால் ஏற்றம் உங்களுடையது, இறங்கினால் இறக்கமும் உங்களுடையது என்று இரண்டு பக்கமும் எழுத வேண்டும். ஏற்றத்தை மட்டும் எழுதித் தருகிற கான்ட்ராக்டர்கள் அதிகம். 2025 ஏப்ரலில் கனிமங்களுக்குப் புதிய நில வரி வந்ததும் எம்-சாண்ட், ஜல்லி விலை ஏறியது. பிறகு அரசு பேசி யூனிட்டுக்கு 1,000 ரூபாய் குறைத்தார்கள். ஏறியதை வாங்கியவர்களில் எத்தனை பேர் குறைந்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள்.

பணத்தை மாதக் கணக்கில் கொடுக்காமல் கட்டத்துக்குக் கட்டம் கொடுங்கள்: பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் தளம், பூச்சு, முடிப்பு. கடைசிக் கட்டத்துக்குக் கொஞ்சம் கனமாகவே நிறுத்தி வையுங்கள். கட்டுவதற்குப் பதில் அடுக்குமாடியில் வாங்குகிறவர் என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ 8 வீட்டுக்கு மேலோ உள்ள திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். கட்டி விற்பவர் உங்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, முடிக்கும் தேதி எத்தனை முறை தள்ளிப்போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு முறைக்கு மேல் தள்ளியிருந்தால் முன்பணம் கொடுக்கும் முன் அந்தக் கட்டடத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சொல்லாமல் போய், மேலே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வாருங்கள்.